பெயரும் மானமும்

சென்ற மாதம் பெரியபட்டினம் கடைத்தெருவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்திற்குப் பேசப் போயிருந்தோம். தலைமை வகித்த தோழர் ஒலிபெருக்கி முன் நின்று, "அடுத்தபடியாகத் தோழர் பிச்சை அவர்கள் பேசுவார்கள்" என்று சொன்னதுதான் தாமதம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கைந்து வாலிபர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "பேசுவாரா, எடுப்பாரா?" என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டது மேடை வரைக்கும் வந்து விழுந்தது. சிரித்தவர்கள் வைதிகர்களோ, கூட்டத்தைக் கலைக்க வந்த காலிகளோ அல்ல. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நம்முடைய பேச்சைக் கேட்கவென்றே வந்திருந்த நம் தோழர்கள்தான் அவர்கள்.

ஆகவே அன்று பேச நினைத்திருந்த விஷயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசினோம். அங்கே சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

முதலாவது, பிச்சை என்ற இந்தப் பெயர் நமக்கு எப்படி வந்தது? நமக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தொட்டிலோடு போய்விட்டன. மூன்றாவதாக நாம் பிறந்தவுடன் நம் தாயார் நம்மை ஒரு முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, அண்டைவீட்டு அம்மாளை விட்டு எடுக்கச் சொல்லி, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் படுமாம். கேவலமான பெயராக வைத்துவிட்டால், 'இது யாருக்கும் வேண்டாத பண்டம்' என்று எமன் ஏமாந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவானாம். நாட்டில் உள்ள குப்பன், குப்பம்மாள், மண்ணாங்கட்டி, பிச்சை என்ற பெயர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வைக்கப்பட்டவையே. இது இந்துக்களின் ஏகபோகமும் அல்ல. இந்தக் கடற்கரையில் முஸ்லிம் வீடுகளிலும் பிச்சை உண்டு. கிறிஸ்தவர் வீடுகளில் பிச்சைமுத்து உண்டு.

இதற்காக நாம் நம் தாயாரைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளை, எட்டின தூரத்தில் ஆஸ்பத்திரியும் இல்லாமல், கேட்டால் சொல்லுவாரும் இல்லாமல், கைக்குக் கிடைத்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். நாம் குறை சொல்லுவது, அந்த அம்மாளுக்கு அதைத்தான் வைத்தியம் என்று சொல்லி வைத்தவர்களை. தமிழ்நாட்டில் 1971 வாக்கில் பிறந்த குழந்தைகள் ஆயிரத்திற்கு நூற்றுக்குமேல் ஒரு வயது முடியுமுன் செத்துக்கொண்டிருந்தன. 2020ஆம் ஆண்டு சர்க்கார் கணக்கில் அது ஆயிரத்திற்கு 13 ஆகக் குறைந்திருக்கின்றது. இந்த ஐம்பது வருஷத்தில் குப்பன்களும் பிச்சைகளும் பெருகவில்லை; குறைந்துதான் போனார்கள். அப்படியானால் எமனை வாசலோடு திருப்பி அனுப்பியது எது? தடுப்பூசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், கொதிக்கவைத்த தண்ணீரும், தாய்க்குக் கிடைத்த கொஞ்சம் சோறும், கொஞ்சம் படிப்புமா? அல்லது குப்பைமேடா? குப்பைமேட்டினால் நமக்குக் கிடைத்த லாபமெல்லாம், நாற்பது வருஷம் கழித்தும் நாலுபேர் சிரிக்க ஒரு பெயர் மிச்சமானதுதான்.

நிற்க. இந்தச் சிரிப்பு உண்மையிலேயே பெயரைக் கண்டு வருகின்றதா என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். உலகமெல்லாம் வியாபாரம் செய்கின்ற கூகுள் கம்பெனிக்கு 2015இல் தலைமை நிர்வாகியாக வந்தவர் பெயர் சுந்தர் பிச்சை. அந்தப் பிச்சையைக் கேட்டு யாராவது சிரித்தார்களா? பத்திரிகைகள் "நம்ம ஊர்ப் பிச்சை" என்று பெருமையோடு கொட்டை எழுத்தில் போட்டன. எழுத்து அதேதான், அர்த்தமும் அதேதான். மாடியில் இருப்பவன் பிச்சையானால் பெருமை, மணலில் வலை பின்னுகிறவன் பிச்சையானால் சிரிப்பு என்றால், சிரிப்பு பெயருக்காக வரவில்லை, அந்த மனிதன் நிற்கும் இடத்திற்காக வருகின்றது என்பது விளங்கவில்லையா?

இந்த இடத்தை நிர்ணயித்தவர்கள் யார்? மனுதர்மத்தில் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகத்தைப் பிரித்துப் பாருங்கள். பார்ப்பானுக்கு மங்களத்தைக் குறிக்கும் பெயர் வைக்கவேண்டும். சத்திரியனுக்குப் பலத்தைக் குறிக்கும் பெயர். வைசியனுக்குச் செல்வத்தைக் குறிக்கும் பெயர். சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் வைக்கவேண்டும் என்று அதில் விதித்திருக்கின்றது. பிள்ளை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில், அது திருடுமா தானம் செய்யுமா என்று தெரிவதற்கு முன்பே, பெயரால் அதன் நெற்றியில் ஓர் இழிவை எழுதி ஒட்டச் சொல்லும் இதைத் தர்மம் என்று சொல்லுவதா, அக்கிரமம் என்று சொல்லுவதா? பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இதில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய அவசியமே மனுவுக்குத் தோன்றவில்லை போலும்.

'அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நம் ஊரில் யார் மனுவைப் படித்தார்கள்?' என்று கேட்பார்கள். படிக்காமலே நடத்தினார்கள். பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில், ஆதிதிராவிடர் பொன் வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று மேல்ஜாதி நாட்டார்கள் எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். அது போதாதென்று 1931 ஜூனில் பதினொரு கட்டளைகள் போட்டு, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கூடாது என்றார்கள். தோளில் துண்டும் காலில் செருப்பும் பொறுக்காத கூட்டம், வாய் நிறையக் கூப்பிடும்படியான ஒரு பெயரை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்குமா? நல்ல பெயர் வைத்தவனையும் அரைப்பெயராக்கி, 'டேய்' சேர்த்து, எண்பது வயதுக் கிழவனை எட்டு வயதுப் பண்ணையார் பையன் கூப்பிட்ட கதை இந்த ஜில்லாவில் எந்தக் கிராமத்திற்குப் புதிது?

இதனால்தான் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தது. அந்த வால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அறுந்துவிட்டது. இன்று வடக்கே போனால் ஜாதிப்பெயர் இல்லாமல் ஒரு மனிதனை அறிமுகம் செய்யவே தெரியாமல் விழிப்பார்கள். வாலை அறுத்த நாம் தலையை மறந்துவிட்டோம் என்பதுதான் நம் குறை. பட்டத்தை விட்ட தோழரே பிச்சையைக் கேட்டுச் சிரித்தால், மனுவின் 31ஆம் சுலோகம் கறுப்புச் சட்டைக்குள்ளும் புகுந்துகொண்டிருக்கின்றது என்றுதானே அர்த்தம்?

பெண்பிள்ளைகள் சங்கதி இதைவிடக் கேவலம். மூன்றாவது பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும், 'வேண்டாம்' என்றும் பெயர் வைக்கும் வழக்கம் இன்னும் செத்துப்போகவில்லை. திருத்தணிப் பக்கத்துக் கிராமமொன்றில் 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கப்பட்ட பெண்கள் இருப்பதைச் சில வருஷங்களுக்கு முன் பத்திரிகைகள் எழுதின. இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்குமாம். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணு என்று விஞ்ஞானம் கண்டுபிடித்து நூறு வருஷத்திற்கு மேலாகின்றது. அப்படியானால் 'வேண்டாம்' என்று பெயர் வைக்கவேண்டியது யாருக்கு? அந்தக் குழந்தைக்கா, தகப்பனாருக்கா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "வேண்டாம் வந்திருக்கிறாளா?" என்று தினமும் ஆஜர் கூப்பிட, "உள்ளேன் ஐயா" என்று அந்தக் குழந்தை பத்து வருஷம் பதில் சொல்லவேண்டும். தான் வேண்டாதவள் என்பதற்குத் தன் வாயாலேயே தினம் சாட்சி சொல்லுவதல்லவா அது?

மராட்டியத்திலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே 'நகுசா' என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தம். சாத்தாரா ஜில்லாவில் 2011 அக்டோபரில் அதிகாரிகளே ஒரு விழா எடுத்து, இப்படிப்பட்ட பெயரோடிருந்த 285 பெண்களுக்கு அவரவர் விரும்பின புதுப்பெயரை எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு மந்திரமும் தேவைப்படவில்லை, ஹோமமும் தேவைப்படவில்லை. சாத்தாராவில் ஒரு ஜில்லா அதிகாரி செய்யக்கூடியதை நம் ஜில்லாக்களில் செய்ய என்ன தடை என்று கேட்கின்றோம்.

இதுவரை சொன்னது வைக்கும்போதே கெட்டுப்போன பெயர்களைப் பற்றி. வைக்கும்போது நன்றாக இருந்து, எழுதும்போது கெட்டுப்போகிற பெயர்களும் உண்டு. அன்று கூட்டம் முடிந்ததும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மீன்பிடித் தொழிலாளி, முஸ்லிம் பெரியவர், ஒரு பிளாஸ்டிக் பையோடு நம்மிடம் வந்தார்.

"காக்கா, உட்காருங்க. என்ன சங்கதி?" என்றோம்.

"ஒண்ணுமில்லை தம்பி. ஒங்க பேரைக் கேட்டுச் சிரிச்சாங்க. எம்பேரு நல்ல பேருதான், முகம்மது. ஆனா எழுதுறவங்க கையில போனா நான் ஒருத்தன் நாலு பேரா ஆயிர்றேன்" என்றார்.

பையைக் கொட்டினார். ரேஷன் கார்டு, ஓட்டர் அட்டை, ஆதார், பாங்கிப் புத்தகம் நான்கிலும் இங்கிலீஷில் நான்கு விதமாக முகம்மது இருந்தார். ஒன்றில் ஓர் எழுத்து அதிகம், ஒன்றில் குறைவு, ஒன்றில் பாதிப் பெயரோடு ஒரு புள்ளி, ஒன்றில் அவருடைய வாப்பா பெயர் முன்னாலும் இவர் பெயர் பின்னாலும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்தக் காலத்திற்காக மீனவர் குடும்பத்திற்குச் சர்க்கார் கொடுக்கும் 8,000 ரூபாய், 'பெயர் ஒத்துவரவில்லை' என்று அவருக்கு ஒரு வருஷம் வரவே இல்லை. கடல் அவரை அடையாளம் கண்டுகொள்கின்றது, காகிதம்தான் கண்டுகொள்ளவில்லை.

நம் கதையும் அதுதான். ரேஷன் கார்டில் நாம் பிச்சை, ஓட்டர் லிஸ்டில் பிச்சாய், பாங்கியில் பிச்சி. இதைத் திருத்தப் போன ஓர் ஆபீசில், "பேரே பிச்சை, இதுல ஸ்பெல்லிங் வேறயா?" என்று குமாஸ்தா கேட்டார். நாம், "ஐயா, பிச்சைக்காக வரவில்லை, பாத்தியதைக்காக வந்தோம்" என்று சொல்லி, மூன்று நாள் நடந்து திருத்திக்கொண்டு வந்தோம். பேசத் தெரிந்த நமக்கே மூன்று நாள் கூலி போயிற்று. பேசத் தெரியாதவர்கள் கதி என்ன?

பெயர் திரிவதில் தவறே இல்லை என்று சிலர் சொல்லலாம். பெரியபட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1350இல் வாங் தாயுவான் என்ற சீனர் தம் நூலில் 'தா பாதன்' என்று ஒரு துறைமுகத்தைக் குறித்திருக்கின்றார். சீன பாஷையில் 'தா' என்றால் பெரிய. 'பாதன்' என்பது பட்டினம். அது இந்தப் பெரியபட்டினமே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். இங்கே மண்ணைத் தோண்டினால் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் அகப்படுகின்றன. சீனர் பெயரைச் சிதைத்தார் என்பதற்காகக் கப்பல் வராமல் போகவில்லை. சரக்கு இறங்காமல் போகவில்லை. காசுள்ள பட்டினத்தின் பெயரை எப்படி எழுதினாலும் அதற்கு நஷ்டமில்லை. காசில்லாதவன் பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் அவன் சோற்றில் மண் விழுகின்றது. வித்தியாசம் அங்கேதான் இருக்கின்றது.

ஊர்ப் பெயர் என்றால் சர்க்காருக்கே ரோஷம் வருகின்றது. 2020 ஜூனில் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் எழுதவேண்டும் என்று உத்தரவு வெளியிட்டது. அதில் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதி, நாடே சிரித்து, சில நாட்களுக்குள் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் பெயரைத் தப்பாக எழுதின சர்க்காருக்கு அதை வாபஸ் வாங்க ஒரு வாரம் போதும். மனிதன் பெயரைத் தப்பாக எழுதினால், எழுதினவருக்கு ஒன்றுமில்லை; எழுதப்பட்டவன் அலையவேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் திருத்திக்கொள்ளலாம் என்று விதி. குமாஸ்தா எத்தனை தடவை தப்பாக எழுதலாம் என்பதற்கு மட்டும் கணக்கே இல்லை!

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பாடு தனி. நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் போதும். குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலோருக்குக் கிடையாது. ஜாதிப் பட்டத்தை விட்ட நாட்டில் அது இல்லாமலிருப்பது பெருமையும்கூட. ஆனால் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு நாடு அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்றார்கள். கடன் வாங்கி விசா எடுத்த பிள்ளைக்கு இடைப்பட்ட நாளின் வயிற்றெரிச்சலை யார் திருப்பிக் கொடுப்பது? ஆகையால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே தன் பெயரையும் தகப்பன் பெயரையும் விரித்து எழுதிவிடவேண்டும் என்பதை இந்தக் கடற்கரை வாலிபர்கள் கவனிக்கவேண்டும்.

இந்தக் குழப்பத்தில் குளிர்காய ஒரு கூட்டம் கிளம்பியிருக்கின்றது. அதுதான் எண் ஜோசியர் கூட்டம். பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் லட்சாதிபதி, ஓர் எழுத்தை எடுத்தால் மந்திரி என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். இவர்கள் கணக்கின் யோக்கியதையைப் பார்ப்போம். குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் கே, யூ, எம், ஏ, ஆர் என்று ஐந்து எழுத்து. கல்தேய முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதன்படி 2, 6, 4, 1, 2, கூட்டினால் 15, மறுபடி கூட்டினால் 6. பித்தாகரஸ் முறை என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள், அதன்படி 2, 3, 4, 1, 9, கூட்டினால் 19, மறுபடி கூட்டினால் 10, அதையும் கூட்டினால் 1. ஒரே குமாருக்கு ஒரே நாளில் இரண்டு தலைவிதி! எந்தக் கிரகம் எந்தக் கணக்கைப் பார்த்து வேலை செய்யும்? அன்றியும், தமிழில் பெயர் வைத்துத் தமிழில் கூப்பிட்டுத் தமிழில் அழுது சிரித்து வாழ்கிறவனுடைய விதி மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் ஓடுவானேன்? இங்கிலீஷ்காரன் கப்பலேறி வருவதற்கு முன் இந்த நாட்டில் யாருக்கும் விதியே இல்லையா?

ஜோசியன் சேர்த்த எழுத்தால் லட்சம் வந்த ஆள் ஒருவரையும் நாம் கண்டதில்லை. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் ஒன்றும், பாஸ்போர்ட்டில் ஒன்றுமாகி ஆபீஸ் படியேறியவர்களைத்தான் கண்டிருக்கின்றோம். அந்தக் காலத்தில் புரோகிதன் பெயரைக் கெடுத்துத் தட்சிணை வாங்கினான். இந்தக் காலத்தில் ஜோசியன் எழுத்தைக் கெடுத்துப் பீஸ் வாங்குகிறான்.

ஆகவே தோழர்களே! செய்யவேண்டியது என்ன?

ஒன்று. பிறக்கும் குழந்தைக்கு இழிவையோ, வேண்டாமையையோ, ஜாதியையோ குறிக்கும் பெயரை வைக்காதீர்கள். நாளைக்கு அந்தக் குழந்தை நாலுபேர் நடுவில் நிமிர்ந்து நின்று சொல்லக்கூடிய பெயராக, உங்கள் வாய்க்கு வரும் பெயராக வையுங்கள்.

இரண்டு. வைத்த பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பைப் பதிந்தால், 12 மாதத்திற்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்; அதற்குமேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்க 1969ஆம் வருஷச் சட்டம் 15ஆம் பிரிவு இடம் கொடுக்கின்றது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறப்புச் சர்டிபிகேட்டே பிரதானம். ஆதலால் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கினவுடன் அந்த இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வெட்கமல்ல.

மூன்று. ஆபீசில் எழுதுகின்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டு, எழுதினதை ஒரு தடவை படித்துக் காட்டுவதற்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை நீங்கள் மிச்சம் பிடித்தால் ஓர் ஏழைக்கு மூன்று நாள் கூலி போகின்றது.

நான்கு. இழிவான பெயரோடு வளர்ந்துவிட்டவர்கள் அதை மாற்றிக்கொள்ள விரும்பினால் சர்க்கார் கெஜட்டில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை. அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் அவர்கள் உரிமை. தனித்தமிழில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்படி நம்மிடம் பல தோழர்கள் சொன்னதுண்டு. நாம் மாற்றிக்கொள்ளவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாம் ஒருவர் தப்பிவிட்டால், மாற்ற வழியறியாத குப்பன்களையும் மண்ணாங்கட்டிகளையும் பார்த்து இந்தச் சிரிப்பு சிரித்துக்கொண்டேதான் இருக்கும். மாறவேண்டியது அந்தச் சிரிப்பு.

ஐந்தாவதும் கடைசியும் வாலிபத் தோழர்களுக்கு. எவர் பெயரையும் கேட்டுச் சிரிக்காதீர்கள். எவர் பெயரையும் அரைப்பெயராக்கிக் கூப்பிடாதீர்கள். பெயர் எதுவானாலும் பின்னால் ஓர் 'அவர்கள்' சேர்த்து, வாங்க, போங்க என்று பேசிப் பழகுங்கள். இதற்குக் காசு தேவையில்லை, சட்டம் தேவையில்லை, மகாநாடு தேவையில்லை.

அன்று சிரித்த வாலிபர்களில் ஒருவர், நாம் பஸ் ஏறும்போது ஓடிவந்து, அந்த முஸ்லிம் பெரியவரின் நான்கு அட்டைகளையும் தாமே தாலுகா ஆபீசுக்கு எடுத்துப்போய்த் திருத்தி வாங்கித் தருவதாகச் சொன்னார். சென்ற வாரம் முதல் அட்டை திருந்திவிட்டதாகக் கடிதம் வந்தது. இன்னும் மூன்று இருக்கின்றன. கடிதத்தின் உறையில் 'தோழர் பிச்சை அவர்கள்' என்று எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்.